வாவிக்கரையில் ஒரு பேணி மல்லித்தண்ணி

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பதுளையில் பஸ் ஏறினேன். மட்டக்களப்புக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் இருபத்தைந்து சதம். முன் இருக்கை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என்னைக் கண்டதும் டிரைவர் அங்கே இருந்த ஆளைத் தானாகவே எழுப்பிப் பின்னால் அனுப்பினார். வெள்ளிக்கெண்டி மார்க் தேயிலையையும் அதன் முதலாளி சின்னையாபிள்ளையையும் பதுளைக் கடைவீதியில் தெரியாதவர் கிடையாது. நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். தேயிலைப் பெட்டிகளில் அடித்திருக்கும் முத்திரையைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் எழுத்துக் கற்றேன். இன்றைக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த இருவர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பயணத்தைச் சொல்ல வேண்டும் என்று புறப்படும்போதே முடிவு செய்திருந்தேன். உள்ளதைச் சொன்னால், இந்தப் பத்திரிகைக்கான கட்டுரை முழுவதையும் மனதில் எழுதி முடித்துவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறினேன். அது வேறு கட்டுரை.

அந்த நேரத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் உள்ள கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். மலைநாட்டைப் பார்க்காத வாசகர்களுக்கு அந்தக் காட்சியைச் சொல்ல வேண்டும். வெறும் பால் டின்னைக் கழுவி, அதில் கொதிக்கக் கொதிக்கச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்கள். வாங்கியவன் இரண்டு உள்ளங்கையாலும் அதைப் பொத்திப் பிடிப்பான். உடனே குடிக்கமாட்டான். முதலில் ஒரு கன்னத்தில் வைப்பான், பிறகு மறு கன்னத்தில். காது மடல் வரைக்கும் சூடு ஏறின பிறகுதான் வாய்க்குக் கொண்டுபோவான். தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான். அவர்களுக்குத் தேத்தண்ணி முதலில் ஒரு போர்வை.

எனக்குக் கடையின் உள்ளேயிருந்து பீங்கான் கோப்பை வந்தது. கோப்பையின் காதில் ஒரு விரலை மாட்டி, தட்டை மறு கையில் தாங்கி, சத்தம் வராமல் குடித்தேன். தொரைமார் குடிப்பதை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துப் பழகிய பிடி அது. பழக ஒரு வருஷம் பிடித்தது.

லுணுகலை தாண்டும்வரை மலையும் தேயிலையும்தான். பஸ் சுற்றிச் சுற்றி இறங்கிற்று. டிரைவர் சிங்களவர், என் சால்வையைப் பார்த்துச் சிரித்தார்.

“முதலாளி, அதக் கழட்டி மடியில வைங்க. பிபிலைக்கு அங்கால குளிர் எண்டா என்ன எண்டு கேப்பாங்க.”

அவர் சொன்னது சரி. பிபிலையில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. சால்வையைக் கழற்றினேன், மகா ஓயாவில் கோட்டையும் கழற்றினேன். அங்கிருந்து காடு. காடு முடிந்ததும் கரடியனாற்றுப் பக்கம் வயல். கண்ணுக்கு எட்டின தூரம் ஒரே பரப்பாகக் கிடக்கும் வயலை அந்தப் பகுதியில் வட்டை என்கிறார்கள். செங்கலடிச் சந்தியில் கோட்டை மறுபடி போட்டுக்கொண்டேன். தங்கச் சங்கிலிக் கடிகாரத்தையும் வெளியே தெரிகிற மாதிரித் தொங்கவிட்டேன். ஏறாவூர் கடந்து மட்டக்களப்பு சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. பாதை நூறு மைலுக்கு மேல்.

நான் போன காரியம் இதுதான். வாவியை ஒட்டிய ஊர்களில் என் தேயிலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக ஒரு பொட்டலம்கூட விற்கவில்லை. காத்தான்குடியில் என் சரக்கை எடுத்து விற்கும் காசிம் முதலாளி, “நேரில் வந்து பாருங்கோ” என்று மட்டும் எழுதியிருந்தார். என் வாயால் விற்காத தேயிலை கிடையாது என்ற நம்பிக்கையில் போனேன்.

கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போது வாவிக் காற்று வந்தது. உப்பும் மீனும் கலந்த காற்று. காத்தான்குடியில் காசிம் வாசலிலேயே நின்றார். கட்டையான மனிதர், வெள்ளைத் தொப்பி, வாய் நிறையச் சிரிப்பு.

“வாங்க முதலாளி, வாங்க. உங்கட தேயிலை மூட்டையப் பாருங்க. எலி அதுக்கு மேல படுத்து நித்திரை கொள்ளுது. கடிச்சுக்கூடப் பாக்குதில்ல, அதுக்கும் சத்தியமாம்.”

“என்ன சத்தியம்?”

“நாளைக்குக் காட்டுறன். இப்ப கையக் கழுவிட்டு இரிங்க.”

அவர் வீட்டில் தேத்தண்ணி வந்தது. அந்தப் பக்கத்து வழக்கம், சீனியைக் கலக்காமல் கொடுப்பது. இடது உள்ளங்கையில் ஒரு துண்டுச் சர்க்கரை தருவார்கள். அதைக் கடித்துக் கடித்துச் சாயத்தை ஒவ்வொரு மிடறாகக் குடிக்க வேண்டும். கிளாஸை விளிம்பில் இரண்டு விரலால் பிடிக்கிறார்கள். சூடு தாங்காவிட்டால் சாரத்துத் தலைப்பால். அந்த வெக்கையில் வேறு விதமாகப் பிடிக்க யாருக்கும் தோன்றாது.

மறுநாள் சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு வாடகைக் காரில் தெற்கே புறப்பட்டோம். யுத்தத்தால் பெற்றோல் விலை ஏறிவிட்டதென்று கார்க்காரர் ஐந்து ரூபாய் கேட்டார். இடது பக்கம் கடல் இரைச்சல், வலது பக்கம் வாவி, நடுவே தென்னை. வழியில் காசிம் ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால் காரை நிறுத்தச் சொன்னார். கடை திறந்திருந்தது; அடுப்பு எரிந்தது; பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் வாசல் கம்பத்தில் தேத்தண்ணிக் கேத்தல் தலைகீழாகத் தொங்கிற்று.

“ஒரு பிளேன்ரீ” என்றேன், கேத்தலைக் கவனிக்காதவன் மாதிரி.

கடைக்காரர் கந்தப்பர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இல்ல ஐயா. மல்லித்தண்ணி இரிக்கு, இளநி இரிக்கு.”

“தேத்தண்ணிக் கடையில் தேத்தண்ணி இல்லையா?”

“கேத்தல் தொங்கிற விதத்தப் பாக்கல்லியா? மலையில தொழிலாளர் சங்கத்தில சேந்த சனத்த லயத்தில இருந்து வெளியால போட்டிருக்கான் வெள்ளைக்காரன். சட்டி பானைய மழைக்குள்ள எறிஞ்சானாம். அவன்ட தேயிலைய நாங்க ஏன் குடிக்கிற?”

இதற்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. “நீங்கள் குடிக்காவிட்டால் நஷ்டம் வெள்ளைக்காரனுக்கா? கொழுந்து எடுக்கிறவர்களின் வயிற்றில்தானே அடிக்கிறீர்கள்?” என்றேன். பதுளையில் இதைச் சொல்லிப் பலரை மடக்கியிருக்கிறேன்.

கந்தப்பர் யோசிக்கக்கூட இல்லை. “இத்தினை வருசமாக் குடிச்சமே, அவகட வயிறு நிறைஞ்சதா?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காசிமும் சிரித்தார், நான் பார்த்ததும் இருமினார்.

களுவாஞ்சிக்குடிச் சந்தையைத் தாண்டி உள்ளே, வாவிக்கரையில் உள்ள ஒரு ஊருக்குப் போனோம். அதன் பெயரை எழுதவில்லை. அங்கே அம்மன் கோயில் சடங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. சடங்கு நாட்களில் தண்ணீர்ப்பந்தல் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் குடிக்கக் கொடுப்பார்கள். அந்தப் பந்தலில் என் செலவில் தேத்தண்ணி ஊற்றிவிட்டால், அம்மன் பந்தலிலேயே குடித்தாயிற்று, இனிக் கடையில் என்ன தடை என்று சனம் பழையபடி வாங்கத் தொடங்கும். இது என் மூளையில் உதித்த திட்டம். அதற்கு அந்த ஊர்த் தலைமைக்காரரான விதானையார் சம்மதிக்க வேண்டும்.

விதானையார் வீட்டு முற்றத்தில் மாமர நிழலில் எங்களுக்குக் கதிரை போட்டார்கள். ஊர் ஆட்கள் ஏழெட்டுப் பேர் பாயில் இருந்தார்கள். விதானையார் ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுகிறவர்.

“வெக்கைக்குள்ள வந்திரிக்கீங்க. களைப்பாறுங்க, புறகு கதைப்பம்.”

எனக்குக் களைப்பாறப் பொறுமை இல்லை. மாதிரிக்குக் கொண்டுபோன தகர டப்பாவைத் திறந்து மணம் பார்க்கச் சொன்னேன். பந்தல் செலவு முழுவதும் என்னுடையது, சீனியும் என்னுடையது என்றேன். என் தேயிலையில் வெள்ளைக்காரன் கை படுவதில்லை, கலப்பதும் கட்டுவதும் என் கடையில்தான் என்றேன்.

“கொழுந்து எங்க இருந்து வருகுது, முதலாளி?” என்று விதானையார் கேட்டார். கேட்ட விதத்தில் குத்தல் இல்லை. நான் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினேன்.

பாயில் இருந்த ஒருவர், “முதலாளியும் மலை ஆள்தானே? தோட்டத்தில பிறந்த நீங்களோ?” என்றார்.

“நாங்கள் தோட்டத்து ஆட்கள் இல்லை. என் தகப்பனார் திருநெல்வேலியிலிருந்து முதலோடு வந்து கடை வைத்தவர்.”

இதைப் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். சொல்லிச் சொல்லி, அந்தக் கடையின் கதவு என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியும். என் தகப்பனார் கவ்வாத்துக் கத்தியைத் தவிர வேறு முதலைக் கையில் பிடித்ததில்லை. தேயிலைச் செடியை வெட்டி வெட்டி, அந்தச் செடிக்கு நடுவிலேயே விழுந்து செத்தார்.

விதானையார் தலையை ஆட்டினார். “அப்பிடியா? அப்ப இது எப்பிடி வரும்… இஞ்ச ஒரு மலைநாட்டுப் பொம்பிள வந்திரிக்கா, முதலாளி. மகன், மருமகள், கைப்பிள்ளை. லயத்தில இருந்து வெளியால போட்ட ஆக்கள். உங்கட தேயிலைப் பொட்டலத்தில இரிக்கிற பேரக் கேட்டுட்டு, இவர் எங்கட லயத்து ஆள், என்னைத் தெரியும் எண்டா. நீங்க வாறீங்க எண்டு காசிம் சொன்ன நாள் தொடக்கம் காத்துக்கொண்டிருக்கா.”

வேலியோரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். நரைத்த தலை, காய்த்துப்போன கை. என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் முழுவதும் மலர்ந்தது.

“சின்னாண்ணே! நல்லாருக்கீங்களா? நான் மருதாயி. முத்தம்மா மக.”

சின்னான். நான் சின்னையாபிள்ளை ஆவதற்கு முன் இருந்த அந்தப் பெயரால் என்னை யாரும் கூப்பிட்டு நாற்பது வருஷம் இருக்கும். பாயில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காசிம் கதிரையில் நிமிர்ந்தார். நான் என் கடிகாரச் சங்கிலியைப் பார்த்தேன்.

“ஆள் மாறிப் பேசுகிறாய் அம்மா. எனக்கு உன்னைத் தெரியாது.”

விதானையார் முன்னால் சாய்ந்தார். “நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எங்கட வட்டைக்குக் காவல் ஆள் தேவை, இரிக்க ஓலை வாடியும் இரிக்கு. மகன் நல்ல வேலைகாரன். ஆனா ஆர் எவர் எண்டு தெரியாத குடும்பத்த வைச்சா எனக்கு மேலால கேள்வி வரும். தெரிஞ்சவர் ஒருத்தர் ஓம் எண்டு சொன்னாக் காணும். இல்லாட்டித் திங்கக்கிழமை திருப்பி அனுப்பத்தான் வேணும்.”

திருப்பி எங்கே அனுப்புவது? லயத்துக் கதவில் பூட்டுத் தொங்கும். அது அங்கே இருந்த எவரையும்விட எனக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை. திருநெல்வேலிக் கடையைச் சொல்லி முடித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“தெரியாது” என்றேன்.

மருதாயி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்காக அவள் ஏதோ யோசிக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு விதானையார் பக்கம் திரும்பினாள்.

“ஐயா சொல்றது சரிதாங்க. எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு. அவரு ஒல்லியா, கறுப்பா இருப்பாரு. இவுக வேற ஆளு.”

அவள் பேரனுக்குக் கிடைக்க இருந்த கூரையைப் பிடுங்கி எனக்குக் குடையாகப் பிடித்தாள். நான் அந்தக் குடைக்குக் கீழ் நின்றேன்.

அப்போது விதானையாரின் மனைவி உள்ளேயிருந்து குடிக்கக் கொண்டுவந்தார். பித்தளைப் பேணிகளில் மல்லித்தண்ணி. கொத்தமல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்தது. எனக்கு ஒன்று, காசிமுக்கு ஒன்று, மருதாயிக்கும் அதே மாதிரி ஒன்று, பிறகு பாயில் இருந்தவர்களுக்கு. காசிம் சால்வைத் தலைப்பால் விளிம்பைப் பிடித்து வாங்கி ஆற வைத்தார். மற்றவர்கள் பேணியை உடனே பக்கத்தில் வைத்துவிட்டு ஊதினார்கள்.

நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. மனம் அந்த முற்றத்தில் இல்லை. முத்தம்மா, மழை, பூட்டின கதவு என்று எங்கெங்கோ அலைந்தது. கன்னத்தில் சூடு பட்டபோதுதான் திரும்பி வந்தேன். கொதிக்கிற பித்தளைப் பேணியை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்திருந்தேன். வலது கன்னம் முடிந்து இடது கன்னத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். முற்றத்தில் மண் சுட்டுக் கிடக்கிறது. என் முதுகில் வியர்வை ஓடுகிறது.

எதிரே மருதாயி. அவளும் இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள். அவள் பேணியும் இடது கன்னத்தில் இருந்தது.

விதானையாரின் மனைவிதான் வாய் திறந்தார். “என்ன கா இது! ரெண்டு பேருக்கும் கை வேகல்லியா? கன்னத்தில வேற வைச்சு…”

விதானையார் அவரைப் பார்த்தார், அவர் நிறுத்திக்கொண்டார். பாயில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், மருதாயியைப் பார்த்தார்கள், பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் பேணியைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

விதானையார் மிக மெதுவாகச் சொன்னார். “மருதாயி, திங்கக்கிழமை பாய் சட்டியெல்லாம் எடுத்துக்கொண்டு வட்டை வாடிக்குப் போங்க. ஓம் எண்டு சொல்ல ஆள் வந்தாச்சு.”

நான் அப்போதாவது பேசியிருக்கலாம். மல்லித்தண்ணியைக் குடித்தேன். நாக்கு வெந்தது.

புறப்படும்போது விதானையார் என் தேயிலை டப்பாவைக் கொண்டுவந்து காரில் வைத்தார். “கோவிக்காதீங்க முதலாளி. உங்கட தேயிலைதான் எங்களுக்கு வாணாம். நீங்க எப்ப வந்தாலும் வாங்க.” டப்பாவின் மேல் ஒரு சின்னத் துணி முடிச்சு. “வீட்டில தந்தாக. மல்லியும் வேர்க்கொம்பும். மலையில குளிர்தானே.”

கார் வாவிக்கரையோடு போய்க்கொண்டிருந்தது. காசிம் வெளியே பார்த்தபடியே கேட்டார்.

“திருநெல்வேலியில நல்ல குளிரோ, முதலாளி?”

நான் துணி முடிச்சை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன். அவர் அதற்கு மேல் குத்தவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, “காரத் திருப்பச் சொல்லட்டா? கனதூரம் வரல்ல” என்றார்.

“நேரமாகிவிட்டது” என்றேன். கடிகாரத்தில் மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. காலையில் வந்த கடை மறுபடி வந்தது. கேத்தல் அப்படியே தலைகீழாகத் தொங்கிற்று. கந்தப்பர் கை காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ். அதே டிரைவர், அதே முன் இருக்கை. யாரையும் எழுப்ப வேண்டாம் என்று சொல்லிப் பின்னால் போய் உட்கார்ந்தேன். “கோவமா முதலாளி?” என்று டிரைவர் கேட்டார். இல்லை என்றேன். பிபிலைக்கு மேலே குளிர் தொடங்கிற்று. பாதையின் இரண்டு பக்கமும் தேயிலை. போகும்போது அதைப் பார்த்து இவ்வளவும் என் வியாபாரம் என்று நினைத்துக்கொண்டு போனேன். வரும்போது செடிகளின் உயரத்தைப் பார்த்தேன். குனிந்து கவ்வாத்து வெட்டுகிறவன் விழுந்தால்கூடப் பாதையிலிருந்து தெரியாது.

இருட்டும் நேரத்தில் வீடு வந்தேன். மனைவி வழக்கம்போலப் பீங்கான் கோப்பையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். வேண்டாம், இதைப் போட்டுத் தா என்று துணி முடிச்சைக் கொடுத்தேன். அவள் முகர்ந்து பார்த்தாள்.

“மல்லியா? காய்ச்சலா இருக்கா?” என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “சூடு ஒண்ணும் இல்லியே.”

மட்டக்களப்புப் பக்கத்தார் எங்களைப் போல இல்லை. எங்கள் கடைவீதியில் ஒருவன் பொய் சொல்லி அகப்பட்டால் அன்று மாலைக்குள் அவனுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிடும். அங்கே எட்டுப் பேர் பார்த்தார்கள். எட்டுப் பேரும் எனக்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர்கள் தேத்தண்ணியை விட்டது, பார்த்தே இராத சனத்துக்காக. நான் அந்தச் சனத்தின் தேயிலையில்தான் மாடி வீடு கட்டியிருக்கிறேன். இன்னும் அதைத்தான் விற்கிறேன்; நாளைக்கும் கடை திறப்பேன். அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதினால் அது இன்னொரு திருநெல்வேலிக் கடையாகிவிடும்.

ஆனால் நீங்கள் கேட்டதற்கு ஒரு பதில் என்னிடம் இருக்கிறது, விதானையார் அவர்களே. இந்தப் பத்திரிகை உங்கள் பக்கத்துக்கும் வரும் என்று ஆசிரியர் சொன்னார். மேலால் கேள்வி வந்தால் இதைக் காட்டுங்கள். என் கையெழுத்தோடும் தனியாக அனுப்புகிறேன்.

மருதாயியை எனக்குத் தெரியும். லயத்தில் நாலாவது காம்பரா அவர்களுடையது, ஐந்தாவது எங்களுடையது. இரண்டுக்கும் நடுச்சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. அடை மழையில் எங்கள் அடுப்பு நனைந்த நாட்களில், முத்தம்மா அந்த ஓட்டை வழியாக எங்களுக்குக் கொள்ளிக்கட்டை நீட்டுவாள். என் அம்மா அதில்தான் தேத்தண்ணி போட்டாள். அதை வாங்க ஓட்டைக்கு இந்தப் பக்கம் கை நீட்டிக்கொண்டு நின்றவன் சின்னான். அது நான்தான்.